உலகத்துக்கே பெயர் தெரியாமல் இருந்த ராக்கெட் மேதை: யார் இந்த செர்கேய் கொரோலெவ்?

விண்வெளிக்குப் போன முதல் மனிதர் யார்? யூரி ககாரின். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட சட்டென்று சொல்லிடுவாங்க. சரி, அவரைச் சுமந்து போன ராக்கெட்டை உருவாக்கியது யார்?

1961-ல் இந்தக் கேள்விக்கு சோவியத் மக்களிடமே பதில் கிடையாது. தலைமை வடிவமைப்பாளர் என்ற பதவியை மட்டும்தான் அரசு வெளியே சொன்னது. அந்தப் பதவியில் இருந்தவர் செர்கேய் கொரோலெவ். அவர் இறந்த பிறகுதான் அவரை இன்னார் என்று உலகுக்குச் சொன்னார்கள். ஏன் இத்தனை ரகசியம்? பார்க்கலாம்.

கிளைடர் செய்த பையன்

1907 ஜனவரியில், இன்றைய உக்ரைனில் இருக்கும் ஜிட்டோமிர் ஊரில் பிறந்தார் கொரோலெவ். சின்ன வயதிலேயே அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட, தாத்தா பாட்டி வீட்டில் வளர்ந்தார். பிறகு கருங்கடல் ஓரத்து ஒடேசாவுக்குக் குடும்பம் இடம் மாறியது. அங்கே கடல் விமானங்களைப் பார்த்துப் பார்த்து, பறக்கும் ஆசை ஒட்டிக்கொண்டது. 17 வயதிலேயே சொந்தமாக ஒரு கிளைடரை வடிவமைத்தார்.

கீவிலும் மாஸ்கோவிலும் பொறியியல் படித்தார். மாஸ்கோவில் அவருக்கு வழிகாட்டியவர், விமான வடிவமைப்பாளர் ஆந்த்ரேய் டுபோலெவ். இந்தப் பெயரை நினைவில் வைச்சுக்கோங்க. பின்னால் வேறொரு இடத்தில் வருவார்.

1931-ல் மாஸ்கோவில் ராக்கெட் ஆர்வலர்கள் குழு ஒன்று உருவானது. அதில் கொரோலெவ் முக்கிய ஆள். 1933 ஆகஸ்டில் அவர்கள் ஏவிய ராக்கெட் சுமார் 400 மீட்டர் உயரம் போனது. இன்றைக்கு அது சின்ன விஷயம். ஆனால் அதே ஆண்டு ராக்கெட்டுக்கென்றே ஓர் ஆய்வு நிறுவனத்தை அரசு தொடங்கியது. கொரோலெவும் அதில் சேர்ந்தார்.

1938: எல்லாம் தலைகீழானது

ஸ்டாலின் ஆட்சியில் தேசத் துரோகி என்று முத்திரை குத்தி லட்சக்கணக்கானோரைக் கைது செய்த காலம் அது. ஆய்வு நிறுவனத்தின் தலைவரும் துணைத் தலைவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இன்ஜின் நிபுணர் வாலென்டின் குளுஷ்கோவும் சிறைக்குப் போனார். இந்த மூவரிடமும் வாங்கிய வாக்குமூலங்களை வைத்து, 1938 ஜூன் 27 அன்று கொரோலெவையும் பிடித்தார்கள். குற்றச்சாட்டு, நாசவேலை. விசாரணையில் அடி, உதை. தண்டனை 10 ஆண்டுகள்.

ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் கோலிமாவின் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். கடும் குளிர், அரைவயிற்றுச் சாப்பாடு. வைட்டமின் சி பற்றாக்குறையால் வரும் ஸ்கர்வி நோயில் பற்கள் கொட்டின.

அம்மா மரியா சும்மா இருக்கலை. மனு மேல் மனு போட்டார். பிரபல விமானிகளும் அவருக்காகப் பேசினார்கள். வழக்கை மறுபடி விசாரித்து தண்டனையை 8 ஆண்டாகக் குறைத்தார்கள். 1940-ல் கொரோலெவ் வந்து சேர்ந்தது மாஸ்கோவில் ஒரு விசித்திரமான சிறை. உள்ளே கைதிப் பொறியாளர்கள் போர் விமானம் வடிவமைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவரும் ஒரு கைதிதான். ஆமாம், அதே டுபோலெவ்!

1944-ல் விடுதலை. ஆனால் அவர் குற்றமற்றவர் என்று அரசு ஒப்புக்கொள்ள 1957 ஆகிவிட்டது.

ஆர்-7: குண்டுக்காகப் பிறந்த ராக்கெட்

போர் முடிந்ததும் ஜெர்மனியின் வி-2 ராக்கெட்டை ஆராய கொரோலெவை அங்கே அனுப்பினார்கள். திரும்பி வந்து ஏவுகணைத் திட்டத்தில் தலைமை வடிவமைப்பாளர் ஆனார்.

சோவியத் அணு ஆயுதங்கள் எடை அதிகமானவை. அவற்றை அமெரிக்கா வரை வீச ரொம்பப் பெரிய ராக்கெட் தேவைப்பட்டது. அதுதான் ஆர்-7. வானத்தில் போய் இன்ஜினைப் பற்றவைப்பது அப்போது நம்பகமான விஷயம் இல்லை. அதனால் நடுவில் ஒன்று, சுற்றிலும் நான்கு என ஐந்து பகுதிகளையும் தரையிலேயே பற்றவைத்தார்கள். எரிபொருள் தீர்ந்ததும் பக்கத்தில் இருக்கும் நான்கும் கழன்று விழும்.

1957 ஆகஸ்டில் ஆர்-7 வெற்றிகரமாகப் பறந்தது. இரண்டே மாதத்துக்குள், அக்டோபர் 4 அன்று, 83.6 கிலோ எடையுள்ள ஸ்புட்னிக் பூமியைச் சுற்றியது. 1959-ல் லூனா-3 என்ற ஆளில்லா விண்கலம் நிலவின் மறுபக்கத்தை முதன்முறையாகப் படம் பிடித்தது. ஃபிலிமை விண்கலமே கழுவி, ஸ்கேன் செய்து, ரேடியோ வழியாக அனுப்பியது. 1961 ஏப்ரல் 12-ல் ககாரின். 1965-ல் அலெக்ஸி லியோனோவின் விண்வெளி நடை.

பெயரை ஏன் மறைத்தார்கள்?

விண்வெளி ராக்கெட்டும் அணு ஏவுகணையும் ஒரே குடும்பம் என்பதுதான் சிக்கல். வெளிநாட்டு உளவாளிகள் அவரைக் கொன்றுவிடலாம் என்பது அரசு தரப்புக் காரணம். பத்திரிகையில் கட்டுரை எழுதினால்கூட பேராசிரியர் கே. செர்கேயெவ் என்ற புனைபெயரில்தான் எழுத வேண்டும். ககாரினை உலகமே கொண்டாடியது. கொரோலெவை யாருக்கும் தெரியாது.

1966 ஜனவரி 14, அறுவை சிகிச்சை மேஜையில் அவர் உயிர் பிரிந்தது. வயது 59. சிறையில் உடைந்த தாடையால் சுவாசக் குழாயைச் செருக முடியவில்லை என்றும் சொல்லப்படுகிறது. இரண்டு நாள் கழித்து பிராவ்தா நாளிதழ் அவர் படத்தையும் பெயரையும் வெளியிட்டது. அஸ்தியை கிரெம்ளின் சுவரில் வைத்தார்கள்.

அவருக்குப் பிறகு என்னாச்சு?

நிலவுக்கு ஆள் அனுப்ப அவர் தொடங்கிய என்-1 ராக்கெட் தடுமாறியது. எந்த எரிபொருள் என்பதில் குளுஷ்கோவுடன் தகராறு. அவர் விலகிவிட, முதல் அடுக்கில் 30 சிறிய இன்ஜின்கள் வைத்தார்கள். 1969 முதல் 1972 வரை நான்கு முறை ஏவினார்கள், நான்கும் தோல்வி. இன்று ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்ஷிப் 33 இன்ஜின்களோடு கிளம்புவதைப் பார்க்கும்போது பலருக்கும் என்-1 ஞாபகம் வரும்.

ஆர்-7 கதை வேறு. 1984-ல் நம்ம ராகேஷ் சர்மாவை விண்வெளிக்குக் கொண்டுபோன சோயுஸ் ராக்கெட் அதன் வாரிசுதான். சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு ரஷ்யா ஆட்களை அனுப்புவதும் அதே குடும்பத்து ராக்கெட்டில்தான்.

அந்தப் பயணங்களை ரஷ்யா கண்காணிக்கும் கட்டுப்பாட்டு மையம் மாஸ்கோவுக்குப் பக்கத்து நகரம் ஒன்றில் இருக்கிறது. கொரோலெவ் ஆண்டுக்கணக்கில் ரகசியமாக வேலை பார்த்த இடமும் அதுதான். 1996-ல் அந்த நகரத்துக்குப் பெயர் மாற்றினார்கள். இப்போ அந்த ஊரின் பெயரே கொரோலெவ்.