பிறந்த குழந்தையின் கண்ணில் ஒரே ஒரு சொட்டு: யார் இந்த கார்ல் கிரெடே?

19-ம் நூற்றாண்டு ஐரோப்பாவில், நல்ல கண்ணோடு பிறந்த பல குழந்தைகள் சில நாட்களிலேயே கண் சீழ்பிடித்துப் பார்வையை இழந்தார்கள். முக்கியக் காரணம், பிரசவத்தில் தாயிடமிருந்து தொற்றும் கொனோரியா கிருமி.

1819-ல் பெர்லினில் பிறந்த கார்ல் கிரெடே, ஜெர்மனியின் லைப்ஸிக் நகர மகப்பேறு மருத்துவர். அவரது மருத்துவமனையிலேயே நூற்றுக்குப் பத்துக் குழந்தைகளுக்கு இந்தத் தொற்று. முதலில் தாய்க்கு மருந்து கொடுத்துப் பார்த்தார். வேலைக்கு ஆகலை. 1880-ல் ரூட்டை மாற்றினார்: பிறந்ததும் கண்ணைத் துடைத்து, சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு. நோயுள்ள தாயின் குழந்தைக்கு மட்டுமல்ல, எல்லாக் குழந்தைக்கும். அங்கேதான் மேட்டரே! தொற்று ஒரு சதவீதத்துக்கும் கீழே போனது.

மருந்து கண்ணை எரிச்சலாக்கும், சிவக்க வைக்கும். ஆனாலும் பல நாடுகள் ஏற்றுக்கொண்டன. 1892-ல் கிரெடே இறந்தார். அமெரிக்காவில் இப்போது அதற்குப் பதில் எரித்ரோமைசின் ஆயின்ட்மென்ட் போடுகிறார்கள்.