உலகை எச்சரித்துவிட்டு உயிரைவிட்ட டாக்டர்: யார் இந்த கார்லோ உர்பானி?

காய்ச்சல், வறட்டு இருமல், எக்ஸ்-ரேயில் நுரையீரல் முழுக்க வெள்ளைத் திட்டுகள். நிமோனியா என்று டாக்டர் சொன்னதும் அடுத்து ஆன்டிபயாட்டிக் எழுதுவார் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால், காரணம் பாக்டீரியாவாக இல்லாமல் வைரஸாக இருந்தால் அந்த மருந்து வேலை செய்யாது. 2003இல் வியட்நாம் தலைநகர் ஹனோயில் அப்படி ஒரு நிமோனியா வந்தது. அது என்ன வைரஸ் என்று அப்போது யாருக்கும் தெரியாது. இது சாதாரண கேஸ் இல்லை என்று முதலில் சுதாரித்தவர் டாக்டர் கார்லோ உர்பானி.

குடற்புழுவைத் தேடிப் போனவர்

இத்தாலியில் அன்கோனா நகருக்கு அருகே உள்ள காஸ்டெல்பிளானியோ என்ற சிற்றூரில் 1956 அக்டோபர் 19 அன்று பிறந்தார் உர்பானி. மருத்துவம் படித்து, தொற்றுநோய் நிபுணரானார். சொந்த ஊரில் குடும்ப டாக்டர், பிறகு மாசெராட்டா நகர மருத்துவமனையில் வேலை. அப்படியே செட்டில் ஆகியிருக்கலாம். ஆனால், அவர் மனசு ஏழை நாட்டுக் குழந்தைகளை வாட்டும் குடற்புழு நோய்கள் பக்கமே போனது.

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பில் சேர்ந்து கம்போடியாவில் வேலை பார்த்தார். 1999இல் அதன் இத்தாலியப் பிரிவுக்குத் தலைவரானார். அந்த ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசை அந்த அமைப்பு வென்றது. பரிசைப் பெற்ற குழுவில் அவரும் ஒருவர். 2000இல் உலக சுகாதார நிறுவனப் பணிக்காக மனைவி, குழந்தைகளோடு ஹனோய் வந்தார்.

அந்த இரண்டு வாரங்கள்

2003 பிப்ரவரி 26 அன்று, ஹாங்காங்கிலிருந்து வந்த ஓர் அமெரிக்கத் தொழிலதிபர் ஹனோயின் பிரெஞ்சு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பறவைக் காய்ச்சலோ என்று சந்தேகித்த டாக்டர்கள் 28ஆம் தேதி உர்பானியை அழைத்தார்கள். அவர் போனில் ஆலோசனை சொல்லிவிட்டு ஒதுங்கவில்லை. தினமும் நேரில் போனார், மாதிரிகள் எடுத்தார், மாஸ்க்கும் தனி வார்டும் கட்டாயம் என்றார், மேலிடத்துக்கு உடனே தகவல் அனுப்பினார்.

அதற்குள் நர்ஸ்களும் டாக்டர்களும் ஒவ்வொருவராகப் படுக்கையில் விழுந்தார்கள். சில நாட்களில் 20க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குக் காய்ச்சல். மூன்று பிள்ளைகளின் தகப்பன் இப்படி ரிஸ்க் எடுக்கலாமா என்று மனைவி கவலைப்பட்டார். இந்த நேரத்தில் விலகி நிற்பதற்கு டாக்டராக இருக்கத் தேவையே இல்லை என்பதுதான் உர்பானியின் நிலைப்பாடு.

மார்ச் 9 அன்று அவரும் சக அதிகாரிகளும் வியட்நாம் சுகாதாரத் துறையினரைச் சந்தித்து, மணிக்கணக்கில் பேசிப் புரியவைத்தார்கள். விஷயம் வெளியே தெரிந்தால் சுற்றுலாவும் வியாபாரமும் அடிவாங்கும். இருந்தும் அரசு மறைக்கவில்லை. நோயாளிகள் தனிமைப்படுத்தப்பட்டார்கள், மருத்துவமனை மூடப்பட்டது, வெளிநாட்டு நிபுணர்கள் வரவழைக்கப்பட்டார்கள். மார்ச் 12 அன்று உலக சுகாதார நிறுவனம் உலகம் முழுக்க எச்சரிக்கை விடுத்தது. 15ஆம் தேதி நோய்க்கு சார்ஸ் என்று பெயர் வந்தது.

அவருக்கு என்ன ஆனது?

மார்ச் 11 அன்று, குடற்புழு பற்றிய கூட்டத்துக்காக பாங்காக் கிளம்பினார் உர்பானி. விமானத்திலேயே காய்ச்சல் தொடங்கிவிட்டது. அழைத்துப்போக வந்த சக டாக்டரைக் கிட்டே வரவேண்டாம் என்று தடுத்தார். பாதுகாப்பு உடைகளோடு ஆம்புலன்ஸ் வரும்வரை இருவரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். 18 நாட்கள் தீவிர சிகிச்சை. மார்ச் 29 அன்று, 46 வயதில் இறந்தார்.

அவர் சொன்ன வழி ஏன் பலித்தது?

சார்ஸ் நோயாளி அதிகம் பரப்புவது, நோய் முற்றிய இரண்டாவது வாரத்தில். அப்போது அவர் பெரும்பாலும் ஆஸ்பத்திரி படுக்கையில்தான் இருப்பார். குழந்தைகளுக்கு லேசாக வந்துபோன இந்த நோய், பெரியவர்களை வென்டிலேட்டர் வரை கொண்டுபோனது. அதனால் வார்டுக்குள் கட்டுப்படுத்தினாலே சங்கிலி அறுந்துவிடும். வியட்நாமில் 63 பேருக்குத் தொற்று, 5 பேர் மரணம் என்பதோடு நின்றது. ஏப்ரல் 28 அன்று, சார்ஸைக் கட்டுப்படுத்திய முதல் நாடாக அது அறிவிக்கப்பட்டது. உலக அளவில் 8,000 பேருக்கு மேல் பாதிப்பு, 774 மரணம். ஜூலையில் பரவல் அடங்கியது.

அந்த வைரஸின் ஒரு வகைக்கு ஆய்வகங்களில் இன்றும் உர்பானி என்றே பெயர்.