கட்டலினா அனுப்பிய கடைசிச் செய்தி

தலைமன்னாரின் பழைய இறங்குதுறையை இன்று பார்ப்பவர்கள், அது ஒரு காலத்தில் இரு நாடுகளின் வாசலாக இருந்தது என்பதை எளிதில் நம்பமாட்டார்கள். 1914 ஆம் ஆண்டு தனுஷ்கோடிக்குக் கப்பல் சேவை தொடங்கிய பின், கொழும்பிலிருந்து வரும் புகைவண்டியும் அக்கரையிலிருந்து வரும் கப்பலும் சந்தித்த இடம் அது. மலையகத் தோட்டங்களுக்கு ஆள் வந்ததும் அவ்வழியே. காயல்பட்டினத்து, கீழக்கரை வணிகர்கள் கொழும்பில் கடை வைக்கப் போனதும், பெருநாளுக்கு ஊர் திரும்பியதும் அவ்வழியே. 1942 ஏப்ரலில் கொழும்பில் குண்டு விழுந்தபோது, துறைமுகத்தில் மூட்டை சுமந்த இந்தியத் தொழிலாளரும் சிறு வணிகரும் பெருந்தொகையாகத் தலைநகரை விட்டு ஓடினர். தமிழகத்திற்குப் போக அவர்கள் அறிந்த வழியும் மன்னார்த் தீவைக் கடந்தே சென்றது. இறக்கவும் ஏற்றவும் ஆளின்றிக் கொழும்புத் துறைமுகம் திணறியது.

அந்தக் குண்டுவீச்சுக்கு முந்தைய மாலையில், இலங்கைக்குத் தென்கிழக்கே நடுக்கடலில் ஒரு விமானி அனுப்பிய செய்தியைப் பற்றி உலகம் ஓரளவு அறியும். கனடாவில் அவருக்கு இலங்கையின் இரட்சகர் என்றே பட்டம். இரட்சிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் நாட்டில்தான் அவர் பெயரை அறிந்தோர் குறைவு. அவர் லெனார்ட் ஜோசப் பேர்ச்சால்.

1915 ஜூலை 6 ஆம் திகதி ஒண்டாரியோ மாகாணத்தின் சென்ட் கதரின்ஸ் நகரில் பிறந்தவர். 1933 இல் கிங்ஸ்டனிலுள்ள கனேடிய இராணுவக் கல்லூரியில் சேர்ந்து, 1937 இல் வெளியேறி, விமானப்படையில் விமானியானார். அவருக்குக் கிடைத்தவை வேகமான சண்டை விமானங்கள் அல்ல. நீரில் இறங்கி நீரிலிருந்து எழும் கனத்த பறக்கும் படகுகள். கடலுக்கு மேல் மணிக்கணக்காகப் பறந்து, பெரும்பாலும் எதையும் காணாமல் திரும்புவதே அத்தொழில். ஒரே ஒருமுறை வேடிக்கையும் நடந்தது. 1940 ஜூனில் கனடா இத்தாலி மீது போர் தொடுத்த சில மணி நேரத்துக்குள், சென்ட் லோரன்ஸ் வளைகுடாவில் சென்றுகொண்டிருந்த இத்தாலியச் சரக்குக் கப்பல் ஒன்றின் மீது அவர் தாக்குவதுபோல் தாழப் பறந்தார். கப்பல் தலைவர் மிரண்டு கப்பலை மணல் திட்டில் ஏற்றிவிட்டார். பேர்ச்சால் தம் விமானத்தை அருகே நீரில் இறக்கி, கடற்படை வந்து கப்பலைக் கைப்பற்றும்வரை காவலிருந்தார்.

1942 தொடக்கத்தில் நிலைமை வேடிக்கைக்கு இடமளிப்பதாக இல்லை. பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. அந்தமானும் ஜப்பானியர் வசமாயிற்று. அடுத்தது இலங்கை என்று எல்லோரும் அஞ்சினர். இந்து சமுத்திரத்தின் எண்ணெய்ப் பாதையும், மத்திய கிழக்குக்கும் இந்தியாவுக்கும் போகும் கப்பல் வழியும் இத்தீவின் ஓரமாகவே சென்றன. வட கடலோரம் ஷெட்லாந்துத் தீவுகளில் நிலைகொண்டிருந்த கனடாவின் 413 ஆம் விமான அணியை அவசரமாகக் காலிக்கு அருகிலுள்ள கொக்கலைக்கு அனுப்பினார்கள். பேர்ச்சால் ஏப்ரல் 2 ஆம் திகதி வந்திறங்கினார்.

கொக்கலை வாவியும் அதையொட்டிய விமான ஓடுதளமும் சும்மா கிடைத்தவை அல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். படைத்தளத்துக்காக அங்கிருந்த கிராமத்தவர்கள் குறுகிய அவகாசத்தில் வீடு வாசலை விட்டு எழுப்பப்பட்டனர். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் பிறந்த வீடு தப்பி நின்றது. சுற்றியிருந்த ஊர் நிற்கவில்லை. போர் என்று வந்துவிட்டால் கட்டளை இடுபவர் யாராயினும் மூட்டை கட்டுபவர் ஒருவரே. 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டியிலிருந்தும் முசலியிலிருந்தும் விடத்தல்தீவிலிருந்தும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டவர்களுக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை.

ஏப்ரல் 4, சனிக்கிழமை. வந்து இரண்டு நாள் முழுதாக ஆகுமுன், விடியலுக்கு முன்பே பேர்ச்சாலின் கட்டலினா கொக்கலை வாவியிலிருந்து எழுந்தது. உள்ளே அவரோடு ஒன்பது பேர். பகல் முழுதும் தென்கிழக்குக் கடலைக் கோடு போட்டுத் துழாவினார்கள், எதுவும் இல்லை. மாலை நான்கு மணியளவில், திரும்பிச் செல்லும் நேரம் நெருங்கிய வேளையில், அடிவானத்தில் சில புள்ளிகள் தெரிந்தன. தீவிலிருந்து ஏறத்தாழ 350 மைல் தொலைவு. நம்மவர் கப்பல்களா, பகைவர் கப்பல்களா என்பதை அறிய நெருங்கிப் போவதைத் தவிர வேறு வழியில்லை. நெருங்க நெருங்கப் புள்ளிகள் பெருகின. முத்துத் துறைமுகத்தைத் தாக்கிய அட்மிரல் நகுமோவின் படை அது. விமானந்தாங்கிக் கப்பல்கள் ஐந்து, அவற்றைச் சூழ்ந்து போர்க்கப்பல்களும் நாசகாரிகளும்.

கட்டலினாவின் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீற்றர். ஹிர்யு கப்பலிலிருந்து எழுந்த சீரோ விமானங்கள் 500 ஐத் தாண்டும். ஓடித் தப்பும் கணக்கு அங்கே செல்லாது. மறைந்துகொள்ள முகிலும் இல்லை. வானொலி இயக்குநர் பகைப்படையின் இடம், திசை, வேகம் ஆகியவற்றைச் சங்கேதமாக்கி அனுப்பத் தொடங்கினார். ஒரே செய்தியை மூன்று முறை அனுப்புவது விதி. அவ்வளவுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. இடையிலேயே குண்டுகள் துளைத்து வானொலி சிதறியது, இயக்குநரும் காயமுற்றார். எண்ணெய்த் தாங்கிகள் பற்றியெரிய, பேர்ச்சால் விமானத்தைக் கடலில் இறக்கினார். ஒருவர் விமானத்தோடு மூழ்கினார். படுகாயமுற்றிருந்த இருவர் நீரில் மிதந்தபோது சீரோக்கள் திரும்பி வந்து சுட்டதில் இறந்தனர். எஞ்சிய ஆறு பேரை இசோகாசே என்ற நாசகாரி தூக்கியெடுத்தது.

கப்பல் தளத்தில் அவர்களை அடித்துக் கேட்ட முதற் கேள்வி, செய்தி அனுப்பினீர்களா என்பதுதான். இல்லை என்று பேர்ச்சால் சாதித்தார். அந்நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து, செய்தி தெளிவில்லை, மீண்டும் அனுப்புக என்ற வேண்டுகோள் வானலையில் வந்து ஜப்பானியர் காதில் விழுந்தது. பிறகு விழுந்த அடிகளுக்குக் கணக்கில்லை.

அந்தச் செய்தி எதைச் சாதித்தது? பட்டங்களை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்த்தால் உண்மை சற்றுச் சிக்கலானது. ஜப்பானியர் வரப்போகிறார்கள் என்பதைச் சங்கேதங்களை உடைத்துப் பிரித்தானியர் முன்னரே அறிந்திருந்தனர். ஆனால் ஏப்ரல் 1 ஆம் திகதி என்று எண்ணியிருந்தனர். நாள் கடந்தும் எவரையும் காணாததால், அட்மிரல் சோமர்வில் தம் கப்பற்படையைத் தண்ணீருக்கும் எண்ணெய்க்குமாக மாலைதீவின் அத்து அடோலுக்குத் திருப்பிவிட்டார். முஸ்லிம் மீனவர் வாழும் அந்தத் தீவுக் கூட்டத்தின் நடுவே, ஜப்பானியர் அறியாத ஓர் இரகசியத் தளம் அமைந்திருந்தது. ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் திருகோணமலைக்கும், கோர்ன்வோல், டோர்செட்ஷையர் என்ற இரு கப்பல்கள் கொழும்புக்கும் திருப்பி அனுப்பப்பட்டன. ஆபத்து நீங்கிற்று என்ற நினைப்பு பரவியிருந்த வேளையில் வந்தது பேர்ச்சாலின் செய்தி. அதன் மதிப்பு அதுதான். எவரும் அறியாததை அவர் அறிவிக்கவில்லை. அறிந்தவர்கள் கைவிடத் தொடங்கிய ஒன்றை உறுதிப்படுத்தினார்.

அன்றிரவே கொழும்புத் துறைமுகத்திலிருந்து புறப்படக்கூடிய கப்பல்கள் வெளியேறின. மறுநாள் உயிர்த்த ஞாயிறு. காலை ஏழரை மணியளவில் நூற்றிருபதுக்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் கொழும்பு வானில் தோன்றின. முன்னறிவிப்புக் கிடைத்தும், ராடர் நிலையம் இருந்தும், இரத்மலானையிலிருந்த ஹரிக்கேன் விமானிகள் பகைவரைத் தலைக்கு மேல் கண்ட பின்னரே எழும்ப ஓடினர். இது இன்றுவரை ஆய்வாளர்கள் வாதிடும் குறை. கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலை ஓடுதளமாக்கியிருந்தது ஜப்பானியருக்குத் தெரியாது. அங்கிருந்து 14 ஹரிக்கேன்கள் எழுந்தன, 9 வீழ்ந்தன. வீழ்ந்த விமானிகளிற் பலர் போர்ப் பழக்கமே இல்லாத இளைஞர்கள். துறைமுகத்தில் டெனெடோஸ், ஹெக்டர் என்ற கப்பல்கள் மூழ்கின. அங்கொடை மனநோயாளர் மருத்துவமனையும் குண்டுக்குத் தப்பவில்லை. அன்று பிற்பகல் நடுக்கடலில் கோர்ன்வோலும் டோர்செட்ஷையரும் மூழ்கடிக்கப்பட்டன. 424 பேர் மாண்டனர். செய்தி அவற்றைக் காக்கவில்லை.

ஏப்ரல் 9 ஆம் திகதி திருகோணமலையின் முறை. அன்று காலையும் பகைவரைக் கண்டு அறிவித்தது 413 ஆம் அணியின் கட்டலினா ஒன்றே. அதன் தலைவர் தோமஸ். அவரும் அவருடன் இருந்தவர்களும் ஒருவர் மிஞ்சாமல் மாண்டனர். திருகோணமலையிலிருந்து ஒதுங்கிச் சென்ற ஹேர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. பேர்ச்சால் செய்ததையே தோமஸும் செய்தார். பட்டம் உயிரோடு திரும்பியவரைச் சேர்ந்தது. இதில் பேர்ச்சாலின் குற்றம் எதுவுமில்லை. அவர் பிடிபட்டது வெளியே தெரியாத காலத்தில், அவரும் இறந்தார் என்றே கருதப்பட்டது.

ஜப்பானியர் இலங்கையில் தரையிறங்கவில்லை. தரையிறங்கும் படை அவர்களோடு வரவும் இல்லை; பிரித்தானியக் கப்பற்படையை அழிப்பதே அவர்களின் நோக்கம். ஆகவே ஒரு விமானி தனியாக ஒரு நாட்டைக் காத்தார் என்பது மிகை. துறைமுகத்தில் முடங்கியிருந்து எரிந்திருக்க வேண்டிய கப்பல்களும் அவற்றின் மாலுமிகளும் தப்பினர் என்பது மிகையன்று.

நம் பார்வையில் பேர்ச்சாலின் வாழ்க்கையில் பெரிய அத்தியாயம் அந்தச் சில நிமிடங்கள் அல்ல. யோக்கஹாமாவுக்கு அருகே ஒஃபுனா என்ற விசாரணை முகாமில் அவர் அடைக்கப்பட்டார். அங்கே இருப்பவர்களின் பெயர்கள் செஞ்சிலுவைச் சங்கத்துக்குத் தரப்படுவதில்லை. ஆகவே அவர்கள் உலகத்துக்கு இல்லாதவர்கள். பேச்சுத் தடை, பட்டினி, அடி. பிறகு யோக்கஹாமாவின் கைதி முகாமுக்கு மாற்றப்பட்டபோது, மூத்த அதிகாரி என்ற முறையில் மற்றக் கைதிகளின் பொறுப்பு அவர் தோளில் விழுந்தது. விமானமில்லை, ஆயுதமில்லை, வானொலியில்லை. இருந்தது ஒரு பதவிப் பெயர் மட்டும்.

அந்தப் பெயரை அவர் செலவிட்ட விதம் இது. உணவைப் பங்கிடும்போது எல்லோரும் பார்க்கப் பங்கிட வேண்டும், அதிகாரிகள் கடைசியில் எடுக்க வேண்டும் என்று நடந்துகொண்டார். தன் பங்கு குறைந்தது என்று நினைப்பவர் அதிகாரியின் பங்கை மாற்றிக்கொள்ளலாம். பசித்தவர் நடுவே பொறாமை புகாமலிருக்க இதைவிட எளிய ஏற்பாடு இருக்க முடியாது. நோயுற்றவர்களை அடித்து வேலைக்கு இழுத்தபோது இடையே நின்று காவலரைத் தாக்கினார். அதற்காகச் சித்திரவதை அனுபவித்தார். 1944 இல், நோயாளிகளுக்கு ஓய்வு தரும்வரை எவரும் வேலைக்குப் போவதில்லை என்று கைதிகளை உட்கார வைத்தார். கைதிகள் வேலைநிறுத்தம் செய்வது கேட்டறியாத செயல். ஒவ்வொரு முறையும் தலை போகும் என்று தெரிந்தே செய்தார். தண்டனைக்காக வேறு முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கும் அவர் மாறவில்லை. அவர் பொறுப்பிலிருந்த முகாம்களில் இறந்தவர் தொகை, மற்ற முகாம்களோடு ஒப்பிடுகையில் மிகக் குறைவு.

இடையில் கிடைத்த தாள்களில் முகாமில் நடந்தவற்றை நாள்வாரியாக எழுதிப் புதைத்து வைத்தார். பிடிபட்டிருந்தால் தலை தப்பியிராது. 1945 ஓகஸ்ட் இறுதியில் விடுதலையான பின், அக்குறிப்பேடுகள் போர்க்குற்ற விசாரணைகளில் சான்றாகின. பிரித்தானியப் பேரரசு அவருக்கு ஓ.பி.ஈ. விருது வழங்கியது. காரணமாகக் கூறப்பட்டது கட்டலினா மட்டுமல்ல. கைதி முகாம்களில் அவர் காட்டிய தலைமையே முதன்மையானது.

பின்னைய ஆண்டுகளை விரைவாகச் சொல்லிவிடலாம். விமானப்படையில் உயர் பதவிகள். 1963 முதல் 1967 வரை தாம் படித்த அதே இராணுவக் கல்லூரியின் தலைவர். ஓய்வுக்குப் பின் யோர்க் பல்கலைக்கழகத்தில் நிர்வாகப் பணி. 2000 ஆம் ஆண்டில் ஓடர் ஒப் கனடா விருதும் வந்தது. முதுமையிலும் சீருடை அணிந்து, இளம் அதிகாரிகளிடம் முகாம் வாழ்க்கையைப் பற்றிப் பேசினார். சீரோக்களைப் பற்றிக் குறைவாகவும், உணவுப் பங்கீட்டைப் பற்றி அதிகமாகவும். 2004 செப்டெம்பர் 10 ஆம் திகதி கிங்ஸ்டனில் காலமானார். வயது 89.

தனுஷ்கோடி 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்தது. தலைமன்னாருக்கான புகைவண்டி 1990 இல் நின்று, 2015 இல் மீண்டும் வந்தது. 1942 சித்திரையில் மூட்டையும் பிள்ளைகளுமாக இத்தீவைக் கடந்தவர்களுள் எத்தனை பேர் மீண்டார்கள் என்பதற்கு எவரும் குறிப்பேடு எழுதிப் புதைத்து வைக்கவில்லை.