சாயம் போகாத படம் தேடிய சீமாட்டி

ஆறு பிள்ளைகளைப் பெற்ற ஒரு தாய், தமது 48-வது வயதில் காமிராவைக் கையில் எடுத்தார். சில ஆண்டுகளில் உலகப் புகழ் பெற்றார்.

அவர்தான் ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார். கேமரன் என்பது கணவர் வீட்டுப் பெயர். காமிராவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை!

ஜூலியா 1815-ல் கல்கத்தாவில் பிறந்தார். கணவர் சார்லஸ் கேமரன் பெரிய சட்ட நிபுணர். இலங்கையில் அவருக்குக் காப்பித் தோட்டங்கள் இருந்தன. பின்னர் குடும்பம் இங்கிலாந்துக்குச் சென்று, வைட் தீவில் குடியேறியது.

1863 டிசம்பரில் மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்பது அவர்கள் எண்ணம்.

அம்மாவோ கோழிகளை வெளியேற்றிவிட்டு, கோழி வீட்டையே ஸ்டூடியோ ஆக்கிவிட்டார்!

பெரிய தகடு

அன்று படம் பிடிப்பது லேசான வேலை அல்ல. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காயுமுன் படம் எடுத்து, ஈரம் காயுமுன்பே கழுவியாக வேண்டும். எதிரே இருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும்.

தகடு எவ்வளவு பெரியதோ, காகிதத்தில் விழும் படமும் அவ்வளவுதான். தகட்டைக் காகிதத்தின் மேல் வைத்து வெயிலில் காட்டித்தான் அச்செடுப்பார்கள். முகம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று விரும்பிய ஜூலியா, 1866-ல் 15 அங்குல நீளம், 12 அங்குல அகலம் உள்ள தகடுகளுக்கு மாறினார்.

கவிஞர் டென்னிசன், விஞ்ஞானி டார்வின் முதலியோர் அவர் முன் உட்கார்ந்தார்கள். வானநூல் அறிஞர் ஹெர்ஷலின் வெள்ளை முடியைக் கழுவிக் கலைத்துவிட்டு, அதன் பிறகே படம் எடுத்தார்.

படங்கள் தெளிவாக இல்லை, கறை படிந்திருக்கிறது என்று நிபுணர்கள் ஏளனம் செய்தனர். ஜூலியா அதைச் சட்டை செய்யவில்லை.

முட்டைக் காகிதம்

அவருடைய கவலை வேறு. அவர் பயன்படுத்திய காகிதம் முட்டையின் வெள்ளைக் கருவும் உப்பும் பூசியது. அதில் வெள்ளி உப்பு படத்தை உண்டாக்கும். பளபளப்பாக அழகாக இருக்கும். ஆனால் மருந்து சிறிது தங்கினாலும், நாளடைவில் படம் மஞ்சளித்து வெளிறும். உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் பழைய படங்களும் மங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

தகடுகளுக்கும் ஆபத்து வந்தது. 1869-ல் பல தகடுகளின் மேல்படலம் வெடித்துப் போனது. கடல் காற்றா, கழுவியது போதாதா என்று லண்டன் புகைப்படச் சங்கத்தாரிடம் கேட்டார்.

இதற்குள் இலங்கையில் காப்பிச் செடிக்கு நோய் கண்டது. வருமானம் சுருங்கியது. படங்களை விற்றுத்தான் குடும்பத்தைத் தாங்கலாம் என்று ஜூலியா நம்பியிருந்தார். விலை கொடுத்து வாங்கிய படம் நாலு வருஷத்தில் வெளிறினால் யார் மறுபடி வாங்குவார்கள்?

விளக்குக் கரி

வழி கிடைத்தது. விளக்குக் கரியை ஜெலட்டின் பசையில் குழைத்துக் காகிதத்தில் தடவுவார்கள். அதோடு வெளிச்சத்தை உணரும் ஒரு ரசாயனமும் சேரும். வெளிச்சம் பட்ட பசை இறுகிவிடும். படாத பசை வெந்நீரில் கரைந்து ஓடிவிடும். மிஞ்சுவது கரியினாலேயே ஆன படம். கரிக்கு வெயிலில் நிறம் போகாது அல்லவா? கரிக்குப் பதில் பழுப்பு முதலிய வேறு நிறப்பொடிகளையும் சேர்க்கலாம்.

இன்று பெரிய படங்களை அச்சிடும் இயந்திரங்களிலும், நெடுநாள் நிற்க வேண்டிய படத்துக்குக் கரித்தூள் கலந்த கறுப்பு மையையே போடுகிறார்கள்.

லண்டன் ஆட்டோடைப் கம்பெனி இந்த முறையில் ஜூலியாவின் சுமார் 70 படங்களை அச்சிட்டு விற்றது.

இன்னொரு வருத்தமும் அவருக்கு உண்டு. டென்னிசன் கேட்டதற்காக, ஆர்தர் மன்னர் கதைக்குப் பெரிய பெரிய படங்கள் எடுத்தார். புத்தகத்தில் அவை சிறிய மரச்செதுக்குப் படங்களாகச் சுருங்கி வந்தன. விடுவாரா? தம் படங்களை முழு அளவில் ஒட்டித் தாமே ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார்.

இலங்கையில்

1875-ல் கணவனும் மனைவியும் இலங்கைக்குக் கப்பல் ஏறினார்கள். சாமான்களோடு இரண்டு சவப்பெட்டிகளும் போயின என்று சொல்வார்கள்!

அங்கே நல்ல தண்ணீரும் மருந்தும் கிடைப்பது அரிதாயிற்று. களுத்துறையில் கிராம மக்களைப் படம் எடுத்தார். இலங்கையில் அவர் எடுத்தவற்றில் இன்று எஞ்சியிருப்பவை 30-க்கும் குறைவு.

1879 ஜனவரி 26-ந் தேதி ஜூலியா காலமானார். மலைநாட்டில், பொகவந்தலாவையில் உள்ள சிறிய மாதா கோயிலில் அடக்கம் செய்தார்கள். மறு ஆண்டு கணவரும் அவர் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.