ஒரு காலத்தில் காஞ்சியை அதிரவைத்த 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி!

இன்றைக்கு ஒரு கர்னாடக இசைக் கச்சேரிக்குப் போனால் மேடையில் எத்தனை பேர் இருப்பார்கள்? பாடகர், வயலின், மிருதங்கம். கூடவே ஒரு கடமோ, கஞ்சிராவோ இருந்தாலே பெரிய விஷயம்தான். நூறு வருஷத்துக்கு முன்னால் காஞ்சிபுரம் நயினா பிள்ளை மேடையேறினால் கதையே வேற! வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், வாயாலேயே ஜதி சொல்லும் கொன்னக்கோல், சமயத்தில் டோலக்னு ஒரு படையே உட்காரும். நீதிபதிகள் கூட்டமாக அமர்ந்து வழக்கைக் கேட்பது மாதிரி இருந்ததால், ரசிகர்கள் இதற்கு 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

1889-ல் பிறந்த நயினா பிள்ளையின் இயற்பெயர் சுப்பிரமணிய பிள்ளை. அம்மா காமாட்சி அம்மாளும், அவருடைய சகோதரி தனகோடி அம்மாளும் காஞ்சியில் பேர்போன பாடகிகள். வீட்டிலேயே சங்கீதம் இருந்தும், சின்ன வயசில் அவருக்கு ஆசையெல்லாம் குஸ்தி, உடற்பயிற்சி மேலதான். பாட்டு கொஞ்சம் தாமதமாகத்தான் பிடித்தது. ஆனால் பிடித்த பிறகு விடவில்லை.

அவருடைய பலம், தாளம். பெஞ்சில் இருந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மலைக்கோட்டை கோவிந்தசாமி பிள்ளையின் வயலின், புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையின் கஞ்சிரா, மன்னார்குடி பக்கிரியா பிள்ளையின் கொன்னக்கோல் என ஒவ்வொருவரும் ஒரு மலை. அத்தனை பேரும் ஆளுக்கொரு கணக்கு போட்டாலும், பல்லவியைப் பிடித்த இடத்தில் பிசகாமல் நிற்கணும். கொஞ்சம் அசந்தால் பாடகர் காலி! நயினா பிள்ளை நின்றார்.

காஞ்சியில் அவர் நடத்திய தியாகராஜர் உற்சவத்துக்குப் பெரிய வித்வான்கள் வந்து பாடினார்கள். அங்கே உட்கார்ந்து கேட்டு வளர்ந்த உள்ளூர்ச் சிறுமிதான் பின்னாளில் டி.கே.பட்டம்மாள். வீணை தனம்மாளின் பேத்திகளான பிருந்தாவும் முக்தாவும் அவரிடமே வந்து பாடம் கேட்டார்கள். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை அவருடைய முக்கிய சீடர்.

1934-ல் நயினா பிள்ளை மறைந்தார். 45 வயதுகூட நிறையவில்லை. அவரோடு ஃபுல் பெஞ்சும் மெதுவாகக் கலைந்தது. காரணம் அவர் மறைவு மட்டும் இல்லை. மைக் வந்தது. ரெண்டு, மூணு மணி நேரத்தில் நிறைய பாட்டு பாடும் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் பாணி ரசிகர்களுக்குப் பிடித்துப்போனது. அத்தனை பக்கவாத்தியத்துக்கும் தனித்தனியாக நேரம் ஒதுக்க முடியுமா? எல்லோரையும் ஒரே பிடியில் வைத்திருக்கும் பாடகரும் வேண்டுமே!

இன்றைக்குக் கேட்க அவருடைய இசைத்தட்டு ஒன்றுகூட நமக்கு இல்லை. அப்படியானால் எல்லாம் போய்விட்டதா? இல்லை. பல்லவி என்றாலே ஆண்கள் சமாசாரம் என்றிருந்த காலத்தில், பட்டம்மாள் மேடையில் ராகம் தானம் பல்லவி பாடி அந்த எண்ணத்தை உடைத்தார். பிருந்தாவும் முக்தாவும் அவரிடம் கற்ற கீர்த்தனைகளை அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

காஞ்சிப் பட்டில் உடலையும் பார்டரையும் தனித்தனி நிறத்தில் நெய்து இணைப்பதற்குக் கோர்வை என்று பெயர். தாளக் கணக்கை முடித்துவைக்கும் சொற்கட்டுக்கும் அதே பெயர்தான். பல கைகளை ஒன்றாகக் கோத்த நயினா பிள்ளை, இந்த ஊர்க்காரராக இருந்ததில் ஆச்சர்யம் இல்லைதானே?