டிரினிட்டியில் ஒரு தமிழ் மாணவர்

விண்ணியல் மேதை சுப்பிரமணியன் சந்திரசேகரை நோபல் பரிசு பெற்ற பெரியவராகவே நாம் அறிவோம். தன்னையே நம்பாத மாணவராக அவர் இருந்த சில ஆண்டுகள்தாம், இயற்பியல் பயிலும் எனக்கு மிகவும் நெருக்கமானவை.

1910 அக்டோபர் 19 அன்று லாகூரில் பிறந்தார். தந்தை ரயில்வே கணக்குத் துறை அதிகாரி; சிற்றப்பா சர் சி. வி. இராமன். (எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான், இதைப் படித்தபோதே எனக்கு மலைப்புத்தான்!) திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று, 1925இல் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு நிகர் அவரே. 1928இல் ஜெர்மானிய அறிஞர் சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தபோது தயங்காமல் தேடிச் சென்று சந்தித்தார். தாம் கற்ற இயற்பியல் பழையதாகிவிட்டது என்று அறிந்து, புதியதைத் தாமே பயின்று எழுதிய கட்டுரை 1929இல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வெளிவந்தது. எழுதும்போது வயது பதினெட்டு!

1930இல் அரசு உதவித்தொகையுடன் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். வெண்குறு விண்மீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்பதைக் கப்பலிலேயே கணக்கிட்டார். சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று இன்று நாம் படிக்கும் எல்லை அதுவே.

இத்தகையவர் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்ததும் குன்றிப்போனார் என்றால் நம்பத் தோன்றுகிறதா? அறிவு குறையவில்லை, அக்கம்பக்கம் மாறிவிட்டது. டிராக், எடிங்டன், ரூதர்ஃபோர்டு என்று கேம்பிரிட்ஜில் எப்பக்கம் திரும்பினாலும் மலைகள். தமது வழி சரிதானா என்ற ஐயத்தோடு 1932இல் கோபன்ஹேகன் சென்று நீல்ஸ் போரின் நிலையத்திலும் சில காலம் இருந்து பார்த்தார். பொறுக்கி எடுத்த மாணவர் கூடும் இடம் அறிவை வளர்க்கிறது. அதே வேளையில் தன்னம்பிக்கையைத் தேய்க்கவும் செய்கிறது. ஊர்ப் பள்ளியில் முதலிடம் பெற்று இங்கு வந்த நண்பர் சிலர், முதல் பருவத் தேர்வுக்குப் பின் கடைசி வரிசைக்கு இடம் மாறியதை நானே கண்டிருக்கிறேன்.

1933இல் முனைவர் பட்டம் பெற்று, டிரினிட்டியின் ஃபெல்லோ பதவிக்கு விண்ணப்பித்தபோதும் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு செல்ல மூட்டை கட்டிவிட்டார்! போகும் வழியில் பட்டியலைப் பார்த்தபோதுதான் தம் பெயரைக் கண்டார். இராமானுஜனுக்குப் பின் அப்பதவி பெற்ற இந்தியர் அவரே.

1935 ஜனவரி 11 அன்று ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் எடிங்டன் அவருடைய கணக்கை எள்ளி நகையாடினார். அவையில் ஆதரித்துப் பேச ஒருவரும் எழவில்லை. 1930இல் வந்திறங்கிய மாணவராக இருந்திருந்தால் ஒடிந்தே போயிருப்பார் என்பது என் எண்ணம். இவரோ எடிங்டனுடன் நட்பை முறிக்காமலே, 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1939இல் விண்மீன் அமைப்பைப் பற்றிய நூலில் தம் கணக்கை முழுமையாக எழுதி வைத்துவிட்டு வேறு ஆய்வுக்குச் சென்றார். நோபல் பரிசு 1983இல் வந்தது.

1995 ஆகஸ்ட் 21 அன்று காலமானார். நியூட்டனின் பிரின்சிபியாவைப் பொது வாசகருக்கு விளக்கும் அவருடைய கடைசி நூல் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். நியூட்டனும் டிரினிட்டி மாணவரே.