தேவசகாயம்: பட்டம் நீங்கப் பிடித்த காலம்

1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23 அன்று இன்றைய குமரி மாவட்டத்தின் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டனுக்குப் பிள்ளை என்ற பட்டம் பிறப்போடு வந்தது. நாயர் குடும்பம், மார்த்தாண்ட வர்மரின் பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவல். திருவிதாங்கூரில் அன்று சாதி என்பது வெறும் வழக்கமன்று, ஆட்சியின் இலக்கணம். எவர் எந்த வழியில் நடக்கலாம், எவர் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதைப் பிறப்பே தீர்மானித்தது. நீலகண்டன் அந்த ஏணியின் மேற்படிகளில் நின்றவர். எனவே அவரை ஒடுக்கப்பட்டோரின் மீட்பராகச் சித்திரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தனக்கு வாய்த்த உரிமையை விட்டு இறங்கியவர் அவர். இறங்கியவரை அரசும், பின்னர் அவரைக் கொண்டாடிய சமூகமும் எவ்வாறு நடத்தின என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

1741இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுப் படைத் தலைவர் டிலனாய், பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சியளிப்பவரானார். குடும்பத் துயரங்களால் மனம் சோர்ந்திருந்த நீலகண்டனுக்கு யோபுவின் கதையைச் சொல்லி விவிலியத்தை அறிமுகம் செய்தவர் அவரே. 1745ஆம் ஆண்டு மே 14 அன்று, திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே இருந்த வடக்கன்குளத்தில், சேசு சபைக் குரு புத்தாரி அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். விவிலியத்தின் லாசர் என்ற பெயரே தமிழில் தேவசகாயம் ஆயிற்று. மனைவி பார்கவியும் ஞானப்பூ என்ற பெயருடன் கிறித்தவரானார்.

மனத்திற்குள் ஒரு கடவுளை மாற்றிக்கொண்டதோடு அவர் நின்றிருந்தால் அரசு கண்டும் காணாததுபோல் இருந்திருக்கவும் கூடும். அவரோ தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு அமர்ந்து உண்டார், சாதி வேறுபாடின்றி மனிதர் அனைவரும் சமம் என்று பேசினார் என்கிறது திருச்சபை வழங்கிவரும் வரலாறு. 1749 பிப்ரவரியில் கைது செய்யப்பட்டார்.

அவருக்கு அளிக்கப்பட்ட தண்டனைகளைச் சட்டம் பயின்றவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். கைகளைப் பிணைத்து, எருக்கம்பூ மாலை அணிவித்து, எருமையின்மீது பின்புறம் நோக்கி அமர்த்தி ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். அடிபட்ட புண்களில் மிளகாய்ப் பொடி தடவினர். மிளகாய்ப் பொடி உடலுக்கான வதை. எருமையும் எருக்கமாலையும் வேறு வகை: உயர்த்தப்பட்ட சாதியில் பிறந்த ஒருவனை ஊர் பார்க்க அந்த இடத்திலிருந்து கீழிறக்கும் சடங்கு. தண்டித்தவர்கள் குற்றத்தை எங்கே கண்டார்கள் என்பதை அந்த ஊர்வலமே காட்டிவிடுகிறது.

ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. 1752ஆம் ஆண்டு ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் படைவீரர்கள் அவரைச் சுட்டுக் கொன்றனர். காட்டில் வீசப்பட்ட உடலின் எச்சங்களைச் சில நாட்களுக்குப் பின் கிறித்தவர்கள் எடுத்து, கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தனர்.

மன்னராட்சி செய்தது இவ்வளவு. இனிக் கிறித்தவச் சமூகம் செய்தது. தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த ஆலயம் இரண்டு பகுதிகளாகக் கட்டப்பட்டது. வெள்ளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கு மறு பக்கம், நடுவே சுவர். 1910இல் குருவானவர் அந்தச் சுவரை இடித்தபோது, சுவர் தங்கள் உரிமை என்று பிள்ளை, முதலி வகுப்பினர் நீதிமன்றம் சென்றனர். மைக்கேல் பிள்ளை எதிர் பார்த் என்னும் அவ்வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை. சாதியை விட்டு இறங்கி உயிரைக் கொடுத்த ஒருவரின் திருமுழுக்கு ஊரில், சாதிச் சுவரைத் திரும்பக் கேட்டுக் கிறித்தவர்களே வழக்காடியிருக்கிறார்கள் என்பதை நமது மாணவர்களில் எத்தனை பேர் அறிவர்?

2012ஆம் ஆண்டு டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கப்பட்டபோதும் தேவசகாயம் பிள்ளை என்றே அழைத்தார்கள். சாதிப் பட்டத்தை நீக்கக் கோரி விண்ணப்பங்கள் எழுந்த பின்னர், 2020இல்தான் வத்திக்கான் அதை விலக்கியது. 2022ஆம் ஆண்டு மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது அவர் வெறும் தேவசகாயம். இந்தியாவிலிருந்து புனிதரான முதல் பொதுநிலையினர். அவர் கொல்லப்பட்டு 270 ஆண்டுகள் ஆகியிருந்தன. பட்டத்தை உதறுவது அவருக்கு ஒரு நாள் வேலை.

பட்டத்தை விலக்குவது ஆணையால் முடிந்த காரியம். திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளின் புதைகுழிகளைத் தனியே பிரித்த சுவருக்கு எதிராகவோ, மக்கள் போராட வேண்டியிருந்தது.